மூன்றாவது மடிப்பு

தானே புயலுக்கு வாங்கியதில் மிச்சமான மெழுகுவத்தி.
ஒன்பது கோடையில் வளைந்துபோய்
கேள்விக்குறியாய் நின்றது தையல் மெஷின் மேல்.

பழைய லுங்கி, ஒற்றை மடிப்பு:
வாயில் கட்டிக்கொண்டு ஊதினேன்.
அணைந்தது.
ரவிக்கை லைனிங் கொடுத்து இரட்டை மடிப்பு:
சுடர் மண்டியிட்டு எழுந்தது.
நடுவில் வெளுத்த வேட்டித் துண்டு வைத்து மூன்று:
அசையவே இல்லை.

கை தட்டப் போனேன்.
அதற்குள் என் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.
முன்வழி அடைபட்ட மூச்சு
மூக்கோரமாய் ஏறி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.
ஆக, நான் தைத்திருப்பது
சன்னலெல்லாம் திறந்து கிடக்கும் வீட்டுக்கு
ஒரு நல்ல கதவு.

பக்கத்துக் கடை தேசிங்கு
எரிந்த பம்புசெட் காயிலைப் பிரித்து
செம்புக்கம்பி உருவித் தந்தார்.
விரல்நீளம் வெட்டி, மேல்விளிம்பில் வைத்துத் தைத்து
மூக்குத்தண்டில் அழுத்தினால்
கண்ணாடி முக்கால்வாசி தெளிந்தது.
முக்கால்வாசிதான்.

குடிகாட்டிலிருந்து சிப்காட்டுக்கு
இரவு ஷிப்டு போகும் பச்சைவாழியான்
மாட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"அக்கா, அந்த அழுகின முட்டை நாத்தம்
இதுக்குள்ளயும் வருதே.
நாத்தம் நுழையற துணியில
நோய் நுழையாதா?"

காற்றை மூக்கால் அளந்தே
காலம் தள்ளுகிற ஊர் இது.
வேறு எப்படிக் கேட்பான்?

நான் பத்தாவதோடு நின்றவள்.
தெரிந்ததைச் சொன்னேன்:
"நாத்தத்துக்கு உடம்பு கெடையாது பச்ச.
நோய் எச்சில் மேல ஏறித்தான் வருது.
படகை மறிச்சா
ஆளு எப்பிடிக் கரையேறுவான்?"

"எல்லாப் படகையுமா மறிக்குது?"

"இல்ல."

"நூத்துக்கு எத்தன?"

"மெழுகுவத்திக்குத் தெரிஞ்ச அளவுதான்
எனக்கும் தெரியும்."

அவன் சிரித்திருக்க வேண்டும்.
காதோரம் நாடா அசைந்தது.
இரண்டு வாங்கிக்கொண்டு போனான்,
ஒன்று துவைக்க, ஒன்று போட.

நாலாம் நாள் அஞ்சலாட்சி வந்தாள்,
மீன்கூடையை வேலியோரம் இறக்கிவிட்டு.
"மூணு மடிப்புல மூச்சு முட்டுது.
வெயில்ல கூவி விக்கறவளுக்கு இது ஆவாது.
நாள் பூரா தாவாக்கட்டையிலதான் கெடக்குது.
ஒண்ண உருவிக் குடு."

தாவாக்கட்டையில் மூன்று மடிப்பு.
மூக்கில் இரண்டு மடிப்பு.
எந்தத் தராசில் வைத்துப் பார்ப்பது இதை?
ஓரத் தையலைப் பிரித்து
வேட்டித் துண்டை வெளியே இழுத்தேன்.
எடையில் திருடியவள் போல
கை கூசியது.
காசு வாங்கவில்லை.

கணக்கெடுக்க வந்த பெண்
அட்டையைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டாள்,
எத்தனை தைத்தீர்கள்,
எத்தனை பேருக்குப் பயன்பட்டது.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
அடுத்த கட்டத்தை அவளே கோடு போட்டுவிட்டாள்.
வராத காய்ச்சலுக்கு
யார் வந்து கையெழுத்துப் போடுவார்கள்?

வந்த காய்ச்சல் இரண்டை எனக்குத் தெரியும்.
ஒருவன் ஒருநாளும் கட்டாதவன்.
பத்து நாள் படுத்தான், எழுந்தான்,
இப்போது பரோட்டா போடுகிறான்.
இன்னொருவர் தூங்கும்போதும் கழற்றாதவர்.
சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போன தேசிங்கு
திரும்பவில்லை.
அவருடைய செம்புக்கம்பி
கால் சுருள் இருக்கிறது டிராயரில்.
டிராயரைத் திறக்க வேண்டியிருக்கும்போதெல்லாம்
வேறு எதையாவது செய்கிறேன்.

பதினைந்து நாள் மெஷினைத் தொடவில்லை.

பிறகு ஒரு மாலை
அறுந்த நாடாவைக் காட்டி
அஞ்சலாட்சி தன் முகமூடியை நீட்டினாள்.
அன்று முழுக்க மூக்கிலேயே இருந்ததாம்,
வஞ்சிரம் எல்லாம் விற்றுப்போனதாம்,
தொண்டை கட்டிப்போச்சாம்.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே சொன்னாள்.

வாங்கித் திருப்பினேன்.
உள்பக்கம்,
ஒரு எலுமிச்சை வட்டத்துக்கு ஈரம்.
காலையிலிருந்து அவள் கூவிய விலையெல்லாம்
அங்கே ஊறிக் கிடந்தது.

கை கழுவத் தண்ணீர் மொள்ளும் முன்
வெளிப்பக்கத்தை
ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்திருந்தது.